டிக்கெட் மேசையில் கேட்டவை: இரட்டைச் சாக்சபோன் கச்சேரி பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

என் தம்பியும் அவனோடு ஒரே ஆசிரியரிடம் படித்த ஒரு பெண்ணும் பெங்களூரில் ஜோடியாகச் சாக்சபோன் வாசிக்கிறார்கள். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. வாசிப்பது மேற்கத்திய சமகாலச் செவ்வியல் இசை. எனக்கு வாசிக்கத் தெரியாது, நோட்டேஷன் படிக்க மட்டும் தெரியும். அதனால் வாசலில் டிக்கெட் மேசை, இடைவேளையில் காபி, மேடையில் தாள் திருப்புவது மூன்றும் என் தலையில்.

ஏழு வருஷமாக இதே மேசை. அல்சூரிலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் வருகிற தமிழ்க்காரர்கள், தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது என்று மனதில் உள்ளதையெல்லாம் என்னிடம் கேட்டுவிடுவார்கள். அநேகமாக அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

இது ஜாஸ்தானே?

இல்லை. சாக்சபோன் ஜாஸுக்கு மூத்தது. பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் செய்த வாத்தியம் இது. 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். ஜாஸ் தலையெடுத்தது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். இடைப்பட்ட காலத்தில் சாக்சபோன், சுருக்கமாகச் சாக்ஸ், ராணுவ பேண்டுகளில் இருந்தது, எப்போதாவது ஆர்கெஸ்ட்ராவுக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

ஜாஸில் வாசிப்பவர் அந்த இடத்திலேயே கற்பனையாக விரித்துக்கொண்டு போவார், நம் கல்பனாஸ்வரம் மாதிரி. இவர்கள் வாசிப்பதில் பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்வரமும், அது எவ்வளவு மெதுவாக ஒலிக்க வேண்டும் என்பது உட்பட, எழுதப்பட்டிருக்கும்.

செவ்வியல்னாலே பழசுதானே? அதுல என்ன சமகாலம்?

மேற்கே எழுதி வாசிக்கும் இசை மரபு பீத்தோவனோடு நின்றுவிடவில்லை. இன்றும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுதப்பட்டதைச் சமகாலம் என்கிறார்கள். கோடு போட்டுப் பிரித்த எல்லை கிடையாது.

சாக்ஸ்காரர்களுக்கு வேறு வழியும் இல்லை. மோட்ஸார்ட் 1791இல் போய்ச் சேர்ந்தார், பீத்தோவன் 1827இல். இருவருமே இந்த வாத்தியத்தைப் பார்த்ததில்லை. வயலின்காரர்களுக்கு முந்நூறு வருஷத்துப் பூர்வீகச் சொத்து உண்டு. சாக்ஸ்காரர்கள் சொந்தமாகச் சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும்.

பித்தளையில செஞ்சிருக்கு, ஆனா ப்ரோகிராம்ல வுட்விண்ட்னு போட்டிருக்கீங்களே. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. வுட்விண்ட் என்றால் மரக்காற்று வாத்தியம். ஆனால் குழாய் எதில் செய்தது என்பது கணக்கில்லை, சத்தம் எங்கே பிறக்கிறது என்பதுதான் கணக்கு. டிரம்பெட்டில் உதடு அதிர்கிறது. சாக்ஸில் ரீட் அதிர்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. சீவாளியில் இரண்டு தட்டை ஒன்றோடொன்று மோதும், சாக்ஸில் ஒரே தட்டை மவுத்பீஸின் மேல் அடிக்கும். இரண்டுமே நாணல்தான்.

கத்ரி கோபால்நாத் வாசிச்ச சாக்ஸும் இதுவும் ஒண்ணா?

வாத்தியம் ஒன்றுதான், ஆல்ட்டோ என்ற நடுத்தர அளவுச் சாக்ஸ். இந்தக் கேள்வி வராத கச்சேரியே கிடையாது, வரவும் வேண்டும். கத்ரி 1949இல் தட்சிண கன்னடத்தில் பிறந்தவர். அப்பா நாதஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு மனதைப் பறிகொடுத்து, அதைக் கர்நாடக இசைக்கு வளைக்கப் பல வருஷம் உழைத்தார். 1994இல் லண்டனில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். 2019இல் காலமானார். இன்று மங்களூர், உடுப்பிப் பக்கம் கோயிலிலும் கல்யாணத்திலும் சாக்ஸ் சர்வசாதாரணம். பெங்களூரிலேயே அவரிடம் கற்ற எம்.எஸ்.சுப்பலட்சுமியும் எம்.எஸ்.லாவண்யாவும் ‘சாக்சபோன் சகோதரிகள்’ என்று பெயர் வாங்கிய ஜோடி. ஆக, இரண்டு சாக்ஸ் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

சாக்ஸின் சாவிகள் ஸ்வரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருவதற்காகச் செய்யப்பட்டவை. அதில் கமகம் கொண்டுவருவது, படிக்கட்டில் சறுக்கி விளையாடுகிற மாதிரி. உதட்டாலும் மூச்சாலும் கத்ரி அதைச் செய்தார். என் தம்பி போகும் பாதை வேறு. அந்த வளைக்கிற வித்தை அவனுக்கும் வேண்டியிருக்கிறது, ஆனால் ராகத்துக்காக இல்லை. எதற்கு என்பது பின்னால் மூன்றாவது சத்தம் பற்றிய கேள்வியில் வரும்.

‘டூயட்’ படத்துல வருமே, அது வாசிப்பாங்களா?

மாட்டார்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1994இல் வந்த அந்தப் படத்தில் கத்ரியின் சாக்ஸைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் அப்பா கேசட்டைத் தேய்த்தார். தம்பிக்குக் காதில் விழுந்த முதல் சாக்ஸ் அதுதான். வீட்டில் கரண்ட் போன ராத்திரிகளில் வாசிப்பான். மேடையில் மாட்டான்.

ரெண்டு பேர் மட்டும் எதுக்கு? பியானோ, டிரம்ஸ், குறைஞ்சது ஒரு சுருதிப்பெட்டி?

ஜோடி நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். திருவீழிமிழலை சகோதரர்கள் இரண்டு பேர்தானே? ஆனால் அவர்களுக்குப் பின்னால் தவில் இருந்தது, ஒத்து இருந்தது. ஒத்துக்காரர் சுருதியை விடாமல் பிடித்திருப்பார், முன்னால் இருப்பவர்கள் எங்கே பறந்தாலும் திரும்பி வந்து அதில் இறங்கலாம். இங்கே அந்தத் திண்ணை கிடையாது. ஒருவர்தான் மற்றவருக்கு ஒத்து, ஒருவர்தான் மற்றவருக்குத் தவில். அடுத்த நிமிஷமே வேலை மாறும். கேட்பதற்குச் சுவாரசியமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

ஜோடி நாதஸ்வரத்தில் இருவரும் பெரும்பாலும் ஒரே சங்கதியைச் சேர்ந்தோ மாறி மாறியோ வாசிப்பார்கள். இங்கே ஒரே நேரத்தில் வேறு வேறு வரி போகும். தம்பி ஆல்ட்டோ, அவனோடு வாசிக்கும் பெண் அதைவிடப் பெரிய, கீழே ஒலிக்கும் டெனர். சில உருப்படிகளுக்கு இருவரும் ஆல்ட்டோ, சிலவற்றுக்கு இருவரும் சின்னதாக, மேலே ஒலிக்கும் சொப்ரானோ.

பியானோ ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்ல கிராண்ட் பியானோ இருக்கும் அரங்கம் இந்த ஊரில் சிலதான், அதன் வாடகை நம் மொத்த டிக்கெட் வசூலைத் தின்றுவிடும்.

இதுக்குன்னே எழுதின உருப்படிகள் இருக்கா, இல்ல வயலின் நோட்டை எடுத்து வாசிக்கிறாங்களா?

இரண்டும் உண்டு. சாக்ஸ் பிறந்த கொஞ்ச காலத்திலேயே, 1858இல், அடால்ஃப் சாக்ஸின் நண்பர் சான்ஜலே சொப்ரானோவுக்கும் ஆல்ட்டோவுக்கும் பியானோவோடு ஒரு ஜோடி உருப்படி எழுதினார். துணையே இல்லாமல் இரண்டு ஆல்ட்டோ மட்டும் என்றால் முதலில் சொல்ல வேண்டியது பால் ஹிண்டெமித்தின் ‘கொன்ஸெர்ட்ஷ்டுயுக்’. 1933இல் சிகுர்ட் ராஷர் என்ற சாக்ஸ் கலைஞருக்காக எழுதியது. அதே வருஷம் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள், ராஷர் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். ஜோடிக்கு ஆள் வாய்த்து அது மேடையேற 1960 ஆயிற்று. அப்போது அவரோடு சேர்ந்து வாசித்தது அவருடைய மகள். இதைச் சொன்னால் இடைவேளையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நின்று கேட்பார்கள்.

1965இல் பிலிப் கிளாஸ், பெக்கெட்டின் ‘ப்ளே’ நாடகத்துக்காக இரண்டு சொப்ரானோவுக்கு ஓர் இசை எழுதினார். ஆளுக்கு இரண்டே ஸ்வரம். அதைத் திரும்பத் திரும்ப, வேறு வேறு கால அளவில் வாசிக்க வேண்டும். அதே சமயம் அவர் பாரிஸில் ரவிசங்கரோடு ஒரு படத்துக்கு வேலை செய்து, நம் தாளக் கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போயிருந்தார்.

கடன் வாங்கியதும் உண்டு. டெலமான் 1738இல் வெளியிட்ட கேனன் சொனாட்டாக்களில் இருவருக்கும் ஒரே தாள்தான். ஒருவர் தொடங்க, மற்றவர் ஓர் அளவு (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) தள்ளி அதையே தொடங்குவார். இரண்டும் மோதாமல் பொருந்திப்போகும். முதல் தடவை வருகிறவர்களுக்கு இதைத்தான் கச்சேரியின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். காது கொஞ்சம் சூடேறட்டும் என்று.

நோட்டைப் பார்த்துதான் வாசிக்கிறாங்களே. மனப்பாடம் ஆகலியா?

மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனாலும் தாள் வேண்டும். ஒருவர் ஓர் அளவில் எட்டில் ஒரு பங்கு தவறினாலும் மற்றவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

ஒரு பிப்ரவரியில் அரங்கத்தின் மேல்ஃபேனை யாரோ வேகமாகச் சுழலவிட்டார்கள். ஒன்பதாம் பக்கம் ஸ்டாண்டிலிருந்து எழுந்து, தம்பியின் முழங்காலில் பட்டு, முன் வரிசைத் தாத்தா மடியில் விழுந்தது. அவர் மரியாதையாக அதைத் தலைகீழாக நீட்டினார். தம்பி பத்து வினாடி நினைவிலிருந்து வாசித்தான். அந்தப் பத்து வினாடியில் அவன் காது சிவந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அன்றிலிருந்து துணி காயப்போடும் கிளிப் நான்கு என் பையில் இருக்கும். இப்போது அவள் டேப்லெட்டும் கால் பெடலும் வாங்கிவிட்டாள், என் வேலையில் பாதி போயிற்று.

இது என்ன ராகம்?

ராகம் இல்லை. பல உருப்படிகளில் பன்னிரண்டு ஸ்வரமும் சம உரிமையோடு வரும், எதுவும் ஷட்ஜம் இல்லை. அதுதான் வீட்டு நினைவே இல்லாமல் அலைகிற மாதிரி தோன்றுகிறது. சிலருக்கு எரிச்சலும் வரும்.

ஜெயநகரிலிருந்து வரும் ஒரு மாமா ஒவ்வொரு தடவையும் ஒரு ராகம் கண்டுபிடித்து டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார். “நாலாவது உருப்படி, நடுவுல சிந்துபைரவி சாயல்.” தம்பிக்கு அதைக் காட்டினால் போய்த் தாளைப் பார்ப்பான், அந்த இடத்தில் நிஜமாகவே அப்படி ஒரு பிடி இருக்கும். எழுதியவர் அறியாமல் வந்ததுதான். மாமா செய்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காது தனக்குத் தெரிந்த ஊரைத்தான் முதலில் தேடும்.

தாளமே பிடிபடலியே?

மூன்றாவது வரிசை மாமி ஒருவர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார். அவர் மீது குற்றமில்லை. அந்த உருப்படியில் ஓர் அளவு ஐந்து, அடுத்தது ஏழு, அதற்கடுத்தது மூன்று என்று மாறிக்கொண்டே போகும். கண்டம், மிஸ்ரம், திஸ்ரம் எல்லாம் ஒரே பையில் போட்டுக் குலுக்கின மாதிரி. வேறு சிலவற்றில் அளவே கிடையாது, “இந்த ஸ்வரம் சுமார் எட்டு வினாடி” என்று எழுதியிருக்கும்.

அப்படியானால் இருவரும் எப்படிச் சேர்கிறார்கள்? என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். தொடங்குவதற்கு முன் ஒருவர் மூக்கால் சுருக்கென்று மூச்சிழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் காலப்பிரமாணம். முடிக்கும்போது வாத்தியத்தின் வாய் ஒரு விரல்கடை மேலே போய்க் கீழே இறங்கும். தாளம் போடுவதை விட்டுவிட்டு அவர்கள் தோளைப் பாருங்கள். அங்கே இருக்கிறது.

நடுநடுவுல டொப்பு டொப்புன்னு சத்தம், அப்புறம் வெறும் காத்து. வாத்தியம் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, எழுதியிருப்பதே அதுதான். நாக்கை ரீட்டில் ஒட்டவைத்து வெடுக்கென்று இழுத்தால் ‘டொப்’ என்று வரும். வாயில் குதிரைக் குளம்புச் சத்தம் போடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஊதாமல் சாவிகளை மட்டும் தட்டினால் மழைத்துளி மாதிரி. ஸ்வரம் வராமல் காற்றை மட்டும் விட்டால் பிரஷர் குக்கர் அடங்குகிற மாதிரி.

இதில் பெரிய வித்தை, ஒரே சாக்ஸில் இரண்டு மூன்று ஸ்வரத்தை ஒன்றாகக் கிளப்புவது. வழக்கமில்லாத விரல் வைப்பில், உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், குழாய்க்குள் இரண்டு அதிர்வு சண்டை போட்டுக்கொண்டு இரண்டுமே வெளியே வரும். கரகரப்பாக இருக்கும். இந்த விரல் வைப்புகளைப் பட்டியல் போட்டு டானியல் கியான்ட்ஸி என்ற சாக்ஸ் கலைஞர் 1982இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். தம்பியின் பிரதியில் பாதிப் பக்கத்தில் பென்சிலால் ‘என் சாக்ஸில் வராது’ என்று எழுதியிருக்கிறது. வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும்.

என் சொந்த அபிப்பிராயம்: இந்தச் சத்தங்கள் எல்லாம் எல்லா உருப்படியிலும் வேலைக்கு ஆவதில்லை. சிலர் கடைசிப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் இலையில் கொட்டுவதுபோல எழுதுகிறார்கள். ஆனால் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ தனி வாத்தியங்களுக்கு எழுதிய ‘செக்வென்ஸா’ வரிசையில், 1981இல் ஆல்ட்டோவுக்குத் தந்த ஒன்பதாவதை அவள் தனியாக வாசிக்கும்போது, எத்தனை தடவை கேட்டாலும் நான் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிடுவேன்.

ரெண்டு பேர்தான் வாசிச்சாங்க. மூணாவதா கீழ ஒரு சத்தம் கேட்டுச்சே. ரெக்கார்டிங் போட்டீங்களா?

போடவில்லை. அரங்கத்தில் ஸ்பீக்கரே கிடையாது. நீங்கள் கேட்டது நிஜம். இதைக் கேட்டவரைக் கண்டால் எனக்குத் தனிப் பிரியம்.

முதலில் எளிய விஷயம். ஒருவர் ஒரு ஸ்வரத்தை வினாடிக்கு 440 அதிர்விலும் மற்றவர் 443இலும் பிடித்தால், சத்தம் வினாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கும். வ்வா, வ்வா, வ்வா. தம்பூரா சுருதி சேர்க்கும்போது இதைக் கேட்டிருப்பீர்கள். பிருடையைத் திருகத் திருக அலை மெதுவாகி, ஓரிடத்தில் நின்றுபோகும். நமக்கு அது நின்றால்தான் நிம்மதி. சமகாலக்காரர்கள் சிலர் அந்த அலையையே இசையாக எழுதுகிறார்கள். கத்ரி பற்றிச் சொன்னபோது உதட்டால் வளைப்பது என்றேனே, இங்கே அது இதற்குத்தான். மூன்று அலையை ஐந்தாக்கு, பிறகு ஒன்றாக்கு என்று.

இனி உங்கள் மூன்றாவது சத்தம். இரண்டு சொப்ரானோவும் உச்சியில் பலமாகச் சேர்ந்து வாசிக்கும்போது, இரண்டு அதிர்வுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தனி ஸ்வரமாகக் காதுக்குள் பிறக்கும். ஒருவர் 880, மற்றவர் அதன் அந்தர காந்தாரமான 1100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 220. அது 880க்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ஷட்ஜம். யாரும் வாசிக்காத ஷட்ஜம்! இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தீனி 1714இல் இதைக் கவனித்ததாகச் சொல்லியிருக்கிறார். பியானோ சுருதிப்படி அந்த மேல் ஸ்வரம் ஏறக்குறைய 1109. அப்படி வாசித்தால் கீழே பிறப்பது 229, ஷட்ஜத்தோடு ஒட்டாமல் பிசிறும். ஆகவே மேலே இருப்பவர் ட்யூனரை நம்பாமல், கீழே பிறக்கும் சத்தத்தைக் கேட்டபடி உதட்டைத் தளர்த்தி இறங்கி வருவார். சரியான இடத்துக்கு வந்ததும் தலைக்குள் யாரோ ஹார்மோனியம் திறந்த மாதிரி இருக்கும். எங்கள் கச்சேரிகளில் யார் வாசிக்கிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்ப்பது குழந்தைகள்தான்.

மைக் ஏன் வைக்கல? பின்னாடி சரியா கேக்கல.

மேலே சொன்னதுதான் காரணம். அந்த மூன்றாவது சத்தம் இரண்டு வாத்தியமும் நேராகக் காதில் பலமாக விழும்போதுதான் நன்றாகப் பிறக்கும். அதனால்தான் எண்பது, நூறு நாற்காலி உள்ள இடமாகப் பார்க்கிறோம். சௌடையா ஹாலில் வைக்கக் கூடாதா என்று மல்லேஸ்வரத்துக்காரர்கள் கேட்கிறார்கள். ஏழு தந்தி வயலின் வடிவத்தில் கட்டிய அந்த மண்டபத்தை எனக்கும் பிடிக்கும். ஆனால் எண்பது பேரை அங்கே உட்கார வைத்தால் மண்டபம் நம்மைப் பார்த்து அழும். பின்னால் கேட்கவில்லை என்றால் முன்னால் வந்துவிடுங்கள், இடம் இருக்கும்.

மூச்சே விடாம ரெண்டு நிமிஷம் ஊதினானே, எப்படி?

கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புது மூச்சு இழுப்பது. ஒத்து ஊதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு குமிழி நிற்காமல் ஊதிப் பழகினான். அம்மா அவனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எப்ப கை தட்டணும்?

வாத்தியம் வாயை விட்டுக் கீழே இறங்கிய பிறகு. ஓர் உருப்படிக்குள் மூன்று பகுதி இருந்தால் நடுவே தட்டுவதில்லை என்பது மேற்கத்திய ஊர் வழக்கம். நம் ஊரில் ஒரு நல்ல இடம் வந்தால் “ஆஹா” சொல்லிப் பழகியவர்கள், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஒரு தடவை நீண்ட மௌனத்தில் ஒரு பெரியவர் “பேஷ்” என்றார். மேடையில் இருவருக்கும் முகம் மலர்ந்தது. ஆகவே அதிகம் கவலைப்படாதீர்கள்.

பிடிக்கலைன்னா நடுவுல எழுந்து போகலாமா?

போகலாம். ஓர நாற்காலியாக உட்காருங்கள், டொப்பு டொப்பு வரும் இடத்தில் கிளம்பினால் செருப்புச் சத்தம் தெரியாது.

எங்க பொண்ணு ரிசப்ஷனுக்கு வருவாங்களா?

ஒரு முறை போனார்கள். சமையல் கான்டிராக்டர் மேடைக்கே வந்து, “சார், ஜனங்க சாப்பிடணும், கொஞ்சம் சந்தோஷமா வாசிங்க” என்றார். டெலமானை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பாதாம் அல்வா சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் இந்த ஊரில் அருமையான சாக்ஸ் செட்டுகள் இருக்கின்றன. தவிலோடு வருவார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

என் பையனுக்குக் கத்துக்கணுமாம். எந்த வயசு, எந்த சாக்ஸ், என்ன செலவு?

பால்பல் விழுந்து முன்பல் உறுதியாகியிருக்க வேண்டும், மவுத்பீஸை மேல்பல் தாங்கும். ஆல்ட்டோ சுமார் இரண்டரைக் கிலோ கனம், கழுத்தில் தொங்கும். ஒன்பது, பத்து வயது சரி. ஆல்ட்டோவில் தொடங்குங்கள். சொப்ரானோ சின்னதாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், அதில் சுருதி பிடிப்பது கடினம். யமஹாவின் மாணவர் ரகம் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். மிக மலிவாகக் கிடைப்பதில் ஆறு மாதத்தில் சாவி ஆட ஆரம்பித்து, பையன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். முதலில் ஆசிரியரைப் பிடியுங்கள், அவர் பார்த்துச் சொன்ன பழைய வாத்தியம் வாங்குங்கள்.

கர்நாடகமா, மேற்கத்தியமா என்று கேட்பவர்களுக்கு: விரல் வைப்பு ஒன்றேதான், வாய் வைப்பும் மூச்சும் வேறு. இரண்டு வருஷமாவது ஒன்றில் நில்லுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு எழுதலாம். சான்றிதழுக்காக மட்டும் வாசிக்கிற பிள்ளைகளை இந்த மேசையிலிருந்து நிறையப் பார்த்துவிட்டேன்.

அபார்ட்மெண்ட்ல எப்படி ப்ராக்டிஸ் பண்றது? வாயில துணி அடைச்சா போதுமா?

போதாது. டிரம்பெட்டில் சத்தம் முழுவதும் முன்வாய் வழியாக வரும், அடைத்தால் குறையும். சாக்ஸில் திறந்திருக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு வாய். துணி அடைத்தால் கீழ் ஸ்வரங்கள் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

தம்பி அம்மாவின் பீரோவைத் திறந்துவைத்து, பட்டுப்புடவைகளைப் பார்த்து வாசிப்பான். துணி சத்தத்தைக் குடிக்கும். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும், பரீட்சை மாதத்தில் அதுவும் இல்லை. மேல்மாடி வீட்டம்மா ஒரு நாள் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தோம். “நேத்து வாசிச்ச அந்த நீளமான ஸ்வரம் இன்னிக்கு ஏன் வரல?” என்றார்.

ரீட்டை ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்க?

நாணல் என்று முன்பே சொன்னேன். தெற்கு பிரான்ஸில் விளைவது. நுனி காகிதம் மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் ஊறும், காய்ந்தால் நெளியும். மார்கழியில் சென்னைக்குப் போனால் ரீட் சோம்பேறியாகிறது, பெங்களூர் மார்ச் மாதத்தில் அதே ரீட் அப்பளமாகிறது. பத்து ரீட் உள்ள ஒரு டப்பா மூவாயிரம் ரூபாய்க்குமேல். அதில் கச்சேரிக்குத் தேறுவது மூன்று. மற்றவை ப்ராக்டிஸுக்கு, ஒன்று என் புத்தகத்துக்குள் அடையாளம் வைக்க.

கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச பையன். நம்ம சங்கீதத்துல இல்லாததா இதுல இருக்கு?

எங்கள் அப்பா கேட்ட கேள்வி இது, பல வருஷம் கேட்டார். தம்பியின் பதில்: “இருக்குன்னு சொல்லலைப்பா. எனக்கு இது வருது.” அப்பாவுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும் முழுதாகப் படவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் கச்சேரியில் ஒருவர் முன்னால் நடக்க மற்றவர்கள் கூடவே வருவார்கள், அது ஒரு பெரிய அழகு. இதில் முன்னால் யாருமில்லை. ஹிண்டெமித்தில் ஓரிடம் உண்டு, இரண்டு ஆல்ட்டோவும் ஒன்றையொன்று துரத்தி, யார் எந்த வரி என்று தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே தெரியாமல் போகும். அப்பா ஒரு முறை வந்திருந்தார். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரா என்று பார்த்தேன், கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, “ரெண்டும் ஒரே மரத்துக் கட்டைதான் போல” என்று மட்டும் சொன்னார். பித்தளை என்று நான் திருத்தவில்லை.

டிக்கெட் முந்நூறா? எந்த சீட் நல்லது?

முந்நூறுதான், மாணவர்களுக்கு நூறு. ஜிபே வேலை செய்யும், ஆனாலும் ஐம்பது ரூபாய் நோட்டு வைத்திருங்கள். நாற்காலியில் எண் கிடையாது. முன் வரிசை இடது ஓரத்தில் இரண்டு நாற்காலியில் என் பையும் ஷாலும் இருக்கும். இரண்டு சொப்ரானோவின் சத்தமும் சரிசமமாக வந்து சேரும் இடம் அது, அந்த 220 அங்கேதான் பளிச்சென்று கேட்கும். இதைப் படித்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் பையை எடுத்துக்கொள்கிறேன்.